வில்லுக்கேற்ற அம்பு

விஸ்கான்சின் மாநிலத்தில் மகள் வீட்டில் ஓர் இலையுதிர்காலம் தங்கியிருந்தேன். அண்டைவீட்டு முதியவர் வில்லேந்தி மான் வேட்டையாடுபவர். செப்டம்பர் நடுவிலேயே வில்வேட்டைக் காலம் தொடங்கிவிட்டது. அவரோ காட்டுக்குச் செல்லாமல், மாலைதோறும் கொல்லையில் வைக்கோற்பொதியை நோக்கி எய்துகொண்டிருந்தார். காரணம் கேட்டேன்.

முந்தைய ஆண்டு அவர் 40 பவுண்டு இழுவிசை கொண்ட வில்லை விடுத்து, 50 பவுண்டு வில்லுக்கு மாறினாராம். அம்புகளை மட்டும் மாற்றவில்லை. அவற்றிலேயே கனத்த வேட்டை முனைகளைப் பூட்டினார். எய்த அம்பு கோணிப் பறந்து, மானின் நெஞ்சில் பாயாமல் வயிற்றில் தைத்தது. இரண்டு நாள் தேடியும் மான் கிடைக்கவில்லை. "உணவுக்காகக் கொல்ல நினைத்தேன், வதைத்துவிட்டேன்" என்றார்.

நாண் தள்ளும்போது அம்பு நேராகச் செல்வதில்லை. மீனைப்போல் வளைந்து, வில்லின் தண்டை ஒட்டி விலகி, பின்னரே நிமிர்கிறது. 1930களில் கிளாரன்ஸ் ஹிக்மன் என்னும் அறிவியலர் இதை அதிவேகப் படமாக்கிக் காட்டினார். ஆகவே அம்பின் விறைப்பு வில்லின் வலிமைக்கு இசைய வேண்டும். 28 அங்குல இடைவெளியுள்ள இரு தாங்கிகளில் அம்புத்தண்டை வைத்து, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிடுவர். அரை அங்குலம் தாழ்ந்தால் அதன் எண் 500. எண் குறையக் குறைய விறைப்பு மிகும். தண்டு நீண்டாலும், முனை கனத்தாலும் அம்பு நெகிழும். அவருடைய பழைய அம்புகளின் எண் 600.

இப்போது 500 எண் அம்புகள் வாங்கியிருந்தார். அவற்றுள் ஒன்றுக்கு இறகில்லை. "இறகு பிழையை மறைத்துவிடும்; வெறுந்தண்டு மறைக்காது" என்றார். வலக்கையால் நாணிழுக்கும் அவருக்கு, வெறுந்தண்டு வலப்புறம் விலகினால் நெகிழ்வு மிகுதி. இடப்புறம் விலகினால் விறைப்பு மிகுதி. அது வலப்புறமே விலகியது. ஆகவே தண்டுகளில் கால் அங்குலம் அறுப்பார், மீண்டும் எய்வார்.

முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்தவன் நான். தவறிய மாணவனிடம், "உன் கவனம் எங்கே?" என்றே கேட்டிருக்கிறேன். நான் கொடுத்த விசை அவனுக்கு ஏற்றதா என்று ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை. அன்று அந்த வெறுந்தண்டு எனக்கும் எதையோ காட்டிற்று.

நான் ஊர் திரும்பும் நாளிலும் அவர் காட்டுக்குச் சென்றிருக்கவில்லை. வெறுந்தண்டு இன்னும் இரண்டு விரற்கடை வலப்புறமே தைத்தது. நாணைக் கழற்றியவாறு, "மான் காத்திருக்கட்டும்" என்றார்.