கரடியனாற்றிலிருந்து டோகாவுக்கு எவ்வளவு தூரம்?

மட்டக்களப்பு மாவட்டத்துச் செங்கலடிச் சந்தியில் பதுளை வீதிக்குத் திரும்பிக் கறுத்தப்பாலத்தைத் தாண்டி, கரடியனாற்றுக்குப் போய்ச் சேர்ந்தபோது பின்னேரம் நாலரை. கட்டாருக்கு வேலைக்குப் போகும் பொடியனை ஏற்ற வேன் ஒழுங்கையில் நின்றது. கட்டுநாயக்கா விமான நிலையம் வரை அவனோடு போக எனக்கும் ஓர் இடம் கிடைத்தது.

பெட்டியை ஏற்கெனவே நிறுத்துக் கட்டியிருந்தார்கள். உள்ளே மிளகாய்த்தூள், கருவாடு. அடையாளத்துக்குப் பிடியில் சிவப்புத் துணி. தாய் டிக்கெட்டை என்னிடம் நீட்டினார்.

"விடிய நாலு மணிக்கு வெளிக்கிட்டு ஆறரைக்கு இறங்குதாம். ரெண்டரை மணித்தியாலந்தானா தம்பி?"

புறப்படும் நேரம் நம் ஊர் மணிக்கூடு, இறங்கும் நேரம் அந்த ஊர் மணிக்கூடு என்று விளக்கினேன். கட்டார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். ஆக, பயணம் ஐந்து மணித்தியாலம். கட்டுநாயக்காவிலிருந்து டோகா நேராக அளந்தால் ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர். மேற்கே போகும்போது மேல்காற்று பெரும்பாலும் எதிர்த்து வீசும். வரும்போது அதுவே தள்ளிவிடும் என்பதால் திரும்பும் பயணம் கொஞ்சம் சுருங்கும். இலண்டன் என்றால் 8,700 கிலோமீற்றர், பதினொரு மணித்தியாலத்துக்குக் குறையாது.

"அப்ப நம்மட வீட்டிலயிருந்து?" என்று கேட்டார்.

அதை எந்த டிக்கெட்டிலும் எழுதுவதில்லை.

ஐந்து மணிக்கு வேன் புறப்பட்டது. வாழைச்சேனை, புணானை, வெலிக்கந்தை, பொலன்னறுவை. கபரணைக் காட்டில் வீதியோரம் ஒரு யானை நின்றது. சாரதி வேனை நிறுத்தி, விளக்கைத் தணித்து, அது காட்டுக்குள் இறங்கும்வரை பொறுத்திருந்தார். அந்த வழியில் இரவில் வேன் ஓட்டுகிறவர்களுக்கு இது பழகிய காரியம். பொடியன் தூங்கவேயில்லை, ஒளிபுகும் பிளாஸ்டிக் கோப்பில் இருந்த பாஸ்போட்டையும் ஒப்பந்தப் பிரதியையும் அடிக்கடி தொட்டுப் பார்த்தான். குருநாகலில் தேநீர். கட்டுநாயக்காவை அடைந்தபோது நள்ளிரவு கடந்து அரை மணி.

முந்நூறு கிலோமீற்றருக்கு ஏழரை மணித்தியாலம். அதைப்போல் பன்னிரண்டு மடங்கு தூரத்தை விமானம் ஐந்தில் முடிக்கிறது. வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் பதிவைக் காட்டி, வரிசைகளில் நின்று, காத்திருந்து, அவன் டோகாவில் கால்வைக்கும்போது வீட்டைவிட்டு வெளிக்கிட்டுப் பதினாறு மணித்தியாலம் ஆகியிருக்கும்.

இத்தனைக்கும் மட்டக்களப்பிலேயே ஒரு விமான நிலையம் இருக்கிறது. விமானப்படையிடமிருந்த அதை 2018 இல் சிவில் விமானப் போக்குவரத்துக்குக் கையளித்தார்கள். அங்கிருந்து கட்டுநாயக்கா வான்வழியே சுமார் 200 கிலோமீற்றர். சிறிய விமானத்துக்கு ஒரு மணித்தியாலப் பாடு. ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றர் அளவே என்பதால் வளைகுடாவுக்குப் பறக்கும் பெரிய விமானங்கள் அங்கே இறங்குவது கடினம்தான். கட்டுநாயக்கா ஓடுபாதை 3,350 மீற்றர். ஆனால் 2019 இல் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்துக்குச் சென்னையிலிருந்து ஏடிஆர் என்ற சிறிய விமானம் வந்தது. குறுகிய ஓடுபாதையாலும் ஓர் ஊரை வெளியோடு இணைக்கலாம் என்று அது காட்டியிருக்கிறது.

வளைகுடா விமானங்களின் நேரத்துக்குப் பொருந்த, கூலிக்குப் போகிறவன் கொடுக்கக்கூடிய கட்டணத்தில், மட்டக்களப்பிலிருந்து கட்டுநாயக்காவுக்கு ஒரு நாளாந்த சேவை வேண்டும். வெளிநாட்டில் உழைத்து இந்த நாட்டுக்கு டொலர் அனுப்புகிறவர்களுக்காக அதிகாரிகள் இதையாவது செய்ய வேண்டும்.