ஜலகண்டம்

நான் பிறந்த பத்தாம் நாள் எங்கள் ஊர் ஜோசியர் என் ஜாதகத்தைக் கணித்து, "பையனுக்கு ஜலகண்டம் இருக்கிறது, நீர்நிலைப் பக்கம் ஜாக்கிரதையாயிருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று முதல் என் தாயார் அந்த வார்த்தையை ஒரு சட்டமாகவே அமுல் நடத்தி வந்தாள். வெள்ளானூர் ஏரிக்கரையில் வளர்ந்தவன் நான். ஆயினும் ஏரித் தண்ணீர் என் முழங்காலுக்கு மேல் ஏறியதில்லை. மற்றப் பையன்கள் மதகின் மேலிருந்து குதித்துக் கும்மாளம் போடும்போது நான் கரையில் உட்கார்ந்து அவர்களுடைய சட்டைகளுக்குக் காவல் இருப்பேன். அந்த உத்தியோகத்தில் எனக்கு மிகவும் நல்ல பெயர்.

இப்பேர்ப்பட்டவன் நாற்பத்து நான்காவது வயதில், சென்னைத் துறைமுகத்தில் சிறு பாய்மரப் படகு ஓட்டுகிறவர்களின் கோஷ்டியில் போய்ச் சேர்ந்தேன் என்றால் நேயர்கள் சிரிக்கலாம். என்னுடன் வேலை பார்க்கும் உபாத்தியாயர்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். என் தாயார் மட்டும் சிரிக்கவில்லை; இரண்டு நாள் என்னோடு பேசவேயில்லை.

இவ்வளவுக்கும் காரணம் என் பெண். அவளுக்கு வயது 12. சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் என்னும் யுவதியைப் பற்றி அவள் எங்கேயோ படித்திருந்தாள். நேத்ரா 2009-ஆம் வருஷம், தமது பன்னிரண்டாம் வயதில், தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கத்தார் நடத்திய கோடைகால முகாமில் சேர்ந்து படகு ஓட்டக் கற்றுக்கொண்டவர். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்று, இந்தியப் பெண்களில் அந்தத் தகுதி பெற்ற முதல்வர் ஆனார். 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கிலும் கலந்துகொண்டு 21-ஆம் இடத்தில் வந்தார். இதையெல்லாம் ஒரே மூச்சில் என்னிடம் ஒப்பித்துவிட்டு, "அப்பா! அவங்களும் என் வயசிலேதான் ஆரம்பிச்சாங்க. நமக்கு ஆவடியிலேருந்து ரயில் இருக்கே!" என்றாள்.

"ரயில் இருக்கிறது, அம்மா. ஆனால் அது சமுத்திரம். ஆழம் தெரியாமல் காலை விடக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லியிருக்கிறார்களே!" என்றேன்.

"காலை விடாமல் ஆழம் எப்படித் தெரியும், அப்பா?" என்று கேட்டாள்.

வகுப்பில் இப்படிக் கேள்வி கேட்கும் மாணவனை மெச்சிக்கொள்வது என் வழக்கம். வீட்டில் கேட்டபோது எனக்குப் பேச்சு எழவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

எனக்குப் பதினோரு வயதாயிருந்தபோது ஒரு கோடை நாள், நடுப்பகல். மற்றப் பையன்கள் யாரும் வரவில்லை. நானும் அடுத்த வீட்டுச் சிநேகிதனும் மாத்திரம் ஏரிக்குப் போனோம். அவன் தன் நீலச் சட்டையைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மதகிலிருந்து குதித்தான். சற்று நேரம் கழித்து இரண்டு முறை கையை உயரத் தூக்கினான். விளையாடுகிறான் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன். மூன்றாவது முறை கை வரவில்லை. எனக்கு நீந்தத் தெரியாது. பக்கத்தில் ஒரு கயிறு இல்லை, கழி இல்லை. ஊரை நோக்கி ஓடினேன். ஆட்களை அழைத்துக்கொண்டு திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாயங்காலம் அவனுடைய தாயார் வந்து வாங்கிக்கொள்ளும் வரையில் அந்தச் சட்டை என் கையிலேயே இருந்தது.

ஜலகண்டம் எனக்கு, போனவன் அவன். "நல்லவேளை, நீ இறங்கவில்லை" என்று ஊரார் என்னைத் தேற்றினார்கள். முப்பது வருஷத்துக்கு மேல் நானும் அதையே நினைத்துத் திருப்தி அடைந்திருந்தேன். ஆனால் என் பெண் கேட்ட கேள்வி அந்தத் திருப்தியைக் குலைத்துவிட்டது. தண்ணீரிலிருந்து என்னைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள், வாஸ்தவம். அந்தக் காப்பு என் சிநேகிதனுக்கு என்ன பிரயோஜனப்பட்டது? அன்று கரையில் இருந்தது ஒரு சட்டைக் காவல்காரன்தானே?

"முதலில் நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். பிறகு உன் விஷயம்" என்று பெண்ணிடம் சொன்னேன்.

நான்கு மாத காலம் ஒரு நீச்சல் குளத்தில் ஏழு வயதுக் குழந்தைகளோடு சேர்ந்து நீச்சல் கற்ற வைபவத்தை விவரிக்கப் போவதில்லை. அவர்களில் இரண்டு பேர் எங்கள் பள்ளிக்கூடத்திலேயே படிக்கிறவர்கள் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் விடியற்காலையில் ஆவடியில் மின்சார ரயில் ஏறி, சென்னைக்குப் போய், கோட்டையைத் தாண்டித் துறைமுகம் சேருவது வழக்கமாயிற்று. புறப்படுமுன் அம்மா என் புஜத்தில் ஒரு தாயத்தைக் கட்டிவிட்டாள். நான் ஆட்சேபிக்கவில்லை.

இந்தத் துறைமுகத்தில் சிறு படகுச் சங்கம் தோன்றியது 1911-இல். துறைமுகத்தின் தலைவராயிருந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் என்பவர் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பை ஸ்தாபித்தார். அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன், 1906-இல், தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்திருந்தார். 1911-இல் அவர் சிறையில் இருந்தார். ஒரே கடலில் ஆளும் ஜாதியார் விளையாட்டுக்குப் பாய் விரித்த காலத்தில், பிழைப்புக்குக் கப்பல் விட்ட நம்மவர் சிறைச்சாலையில் வாடினார். இன்று அதே துறைமுகத் தண்ணீரில் நம் குழந்தைகள் படகு விடுகிறார்கள். அந்தக் காட்சியை முதன்முதலில் கண்ட அன்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. உப்புக் காற்றினால் என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிச் சமாளித்தேன்.

குழந்தைகள் ஓட்டும் படகுக்கு 'ஆப்டிமிஸ்ட்' என்று பெயர். அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்தில் கிளார்க் மில்ஸ் என்பவர் 1947-இல் அதை அமைத்தார். நீளம் 2.3 மீட்டர்; எடை 35 கிலோ; மூக்கு மழுங்கின ஒரு பெட்டி போல் இருக்கும். 15 வயது வரையில் அதில் போட்டியிடலாம். என்னைப் போன்ற வளர்ந்த குழந்தைகளுக்கு 'லேசர்' என்னும் படகு. நாலேகால் மீட்டர் நீளம், ஒரே பாய், ஒருவரே ஓட்டுவது. நேத்ரா ஒலிம்பிக்கில் ஓட்டியதும் இந்த ஜாதிப் படகுதான். பாய் மட்டும் சற்றுச் சிறியது.

முதல் பாடம் படகை ஓட்டுவதல்ல, கவிழ்ப்பது! வேண்டுமென்றே படகைச் சாய்த்துக் கவிழ்த்து, தண்ணீரில் விழுந்து, சுற்றி நீந்தி வந்து, அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையைப் பிடித்து உடல் பாரத்தை அதன்மேல் போட வேண்டும். படகு மெள்ள மெள்ள நிமிரும். உடனே தாவி ஏறிக்கொள்ள வேண்டும். படகின் வயிற்றில் காற்று அடைபட்டிருப்பதால் அது முழுகுவதில்லை. மேலே லைப் ஜாக்கெட் இருப்பதால் நாமும் முழுகுவதில்லை. முதல் நாள் ஆறு முறை கவிழ்ந்தேன். ஆறாவது முறை விழும்போது பயம் வரவில்லை என்பதைக் கவனித்து எனக்கே ஆச்சரியமாயிருந்தது.

இரண்டாவது பாடம் காற்று. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல் என்று இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்கு நெட்டுருப் போட வைத்தவன் நான். காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்று பார்த்துத் திசை அறிய இப்போதுதான் கற்றுக்கொண்டேன். காற்று வரும் திசையை நோக்கி எந்தப் பாய்மரப் படகும் நேராகப் போக முடியாது. ஏறக்குறைய 45 டிகிரி ஒரு பக்கம் ஒதுங்கிச் சிறிது தூரம் போய், பிறகு திரும்பி மறு பக்கம் ஒதுங்கிச் சிறிது தூரம் போய், இப்படிக் கோணல் மாணலாகத்தான் முன்னேற வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் பாயின் அடியில் உள்ள கழி மறு பக்கம் பாய்ந்து வரும். குனியாதவன் தலையில் நல்ல குட்டு வைக்கும். எவ்வளவோ பேர் தலையில் குட்டியவன் நான்; வட்டியோடு திரும்பப் பெற்றேன்.

மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு, கற்றுக்குட்டிகளையும் சேர்த்துக்கொண்டு ஒரு படகுக் கூட்டம் நடத்தினார்கள். 17 படகுகள் சேர்ந்தன. தண்ணீரில் இறங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு பலகையிலிருந்து எண் பொறித்த தகடு ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். கரை திரும்பியதும் அதை அதே ஆணியில் மாட்ட வேண்டும். சாயங்காலம் ஓர் ஆணி வெறுமையாயிருந்தால் ஒருவர் இன்னும் திரும்பவில்லை என்று அர்த்தம். அவர் வரும் வரையில் காவல் படகு ஓயாது. இதைவிட எளிய ஏற்பாடு வேறு இருக்க முடியாது. அந்தப் பலகையின் முன்னால் நான் சற்று அதிக நேரம் நின்றுவிட்டேன்.

பந்தயத்துக்கு ஐந்து நிமிஷம் முன்பு ஒரு கொடி ஏறும். நான்கு நிமிஷம் முன்பு இன்னொரு கொடி. ஒரு நிமிஷம் இருக்கையில் அது இறங்கும். பிறகு புறப்பாடு. இடப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகு, வலப்பக்கத்திலிருந்து காற்று வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். 'வேர்ல்ட் செய்லிங்' என்னும் சர்வதேசச் சபை வகுத்த இந்த விதிகளில் முதல் விதி மட்டும் பந்தயத்தைப் பற்றியதே அல்ல. ஆபத்திலிருக்கும் எந்த மனிதருக்கும் எந்தப் படகுக்கும் இயன்ற உதவியெல்லாம் செய்ய வேண்டும் என்பதே அது. 1988-இல் ஸியோல் ஒலிம்பிக்கின் படகுப் போட்டி பூசான் நகரத்துக் கடலில் நடந்தது. கனடா தேசத்து லாரன்ஸ் லெமியூ இரண்டாவது இடத்தில் போய்க்கொண்டிருந்தார். பலத்த காற்றில் கவிழ்ந்து தத்தளித்த சிங்கப்பூர்க்காரர் இருவரைக் கண்டதும், பந்தயத்தை விட்டுவிட்டுத் திரும்பி அவர்களைக் காப்பாற்றினார். பதக்கம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆனால் நடுவர்கள் அந்தப் பந்தயத்தில் இரண்டாம் இடத்தை அவருக்கே கொடுத்தார்கள்.

இந்தக் கதையைக் கேட்டு மெச்சிக்கொண்டே நான் புறப்பட்டேன். முதல் மிதவையைச் சுற்றும்போது கயிற்றைத் தளர்த்த மறந்து அழகாகக் கவிழ்ந்தேன். பயிற்சியில் கவிழ்ந்தது வேறு, இது வேறு. ஒரு வாய் உப்புத் தண்ணீர் உள்ளே போயிற்று. ஒரு கணம் அந்த ஏரி ஞாபகம் வந்தது. என்னையும் அறியாமல் கையை உயரத் தூக்கினேன்.

இரண்டாவது முறை தூக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு சிறுவன் தன் படகைத் திருப்பிக்கொண்டு பக்கத்தில் வந்துவிட்டான். பதின்மூன்று வயது இருக்கும். "அங்கிள், அடிபட்டுச்சா? பயப்படாதீங்க. பலகையைப் பிடிங்க. நான் இங்கேயேதான் இருப்பேன்" என்றான். நான் படகை நிமிர்த்தி ஏறுகிற வரையில், பாய் படபடக்க, அங்கேயே இருந்தான். அதற்குள் அவனை ஐந்தாறு படகுகள் தாண்டிப் போய்விட்டன.

"உன் பந்தயம் போயிற்றே, தம்பி!" என்றேன்.

"அதனாலே என்ன, அங்கிள்? முதல் ரூல் அதுதானே!" என்று சொல்லிவிட்டுப் பாயை இழுத்துக்கொண்டு போனான்.

நான் பதினேழாவதாகக் கரை சேர்ந்தேன். என் தகட்டை ஆணியில் மாட்டியபோது கை சற்று நடுங்கிற்று. கடல் அபாயமானது, ஏரியும் அபாயமானதுதான். அந்த அபாயத்துக்குப் பயந்து குழந்தைகளைத் தண்ணீரிலிருந்து விலக்குகிறோம். விலக்கினாலும் கோடை வெயிலில் அவர்கள் தண்ணீரைத் தேடிப் போகாமல் இருப்பதில்லை. கற்காமலும், துணையில்லாமலும், ஒருவருக்கும் சொல்லாமலும் போகிறார்கள். நம்முடைய 'கட்டுமரம்' என்னும் சொல்லைப் பல தேசத்துப் பாஷைகளும் எடுத்துக்கொண்டன. தொண்டிப் பக்கத்து மீனவர்கள் இன்றும் பாய்மரப் படகுப் பந்தயம் விடுகிறார்கள். கடலே இல்லாத போபால் நகரத்தின் ஏரியில் பயின்ற நேஹா தாகூர், 2023-இல் ஆசிய விளையாட்டில் வெள்ளிப் பதக்கம் பெற்றாள். நம் ஊர்களில் பாய் விரிக்காவிட்டாலும் போகட்டும். கோடை விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டமாகச் சேர்த்து, பெரியவர்கள் கூட இருந்து, நீச்சலும் உயிர் காக்கும் முறையும் கற்றுக்கொடுத்து, இறங்கும்போதும் ஏறும்போதும் எண்ணிப் பார்ப்பதற்கு என்ன தடை?

அன்றிரவு அம்மா சோறு போட்டுக்கொண்டே, "எத்தனை பேர் போனீங்க?" என்று கேட்டாள்.

"17 பேர் போனோம், அம்மா. 17 பேரும் திரும்பினோம்."

"எப்படித் தெரியும்?"

தகட்டு விஷயத்தைச் சொன்னேன். அம்மா வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அன்னிக்கு அந்தப் பிள்ளையை எண்ணிப் பார்க்க ஒருத்தரும் இல்லையேடா" என்றாள். முப்பத்து மூன்று வருஷத்தில் அவள் அதைப் பற்றி என்னிடம் பேசியது அதுவே முதல் தடவை.

சற்றுப் பொறுத்து, "அந்தத் தகட்டை வீட்டுக்குக் கொண்டாந்திருக்கக் கூடாதா? சாமி படத்துகிட்ட வெச்சிருக்கலாமே!" என்றாள்.

"அதைத் திருப்பிக் கொடுத்தால்தான், அம்மா, நான் திரும்பி வந்ததாகக் கணக்கு."

அம்மா தலையை ஆட்டினாள். என் பெண்ணின் இலையில் இன்னொரு கரண்டி சாதத்தைப் போட்டு, "நல்லா சாப்பிடு. ஞாயித்துக்கிழமை விடியக்காலம் எழுந்திருக்கணும். உங்கப்பாகிட்டச் சொல்லி, முதல்லே உன் தகட்டைக் கேட்டு வாங்கிக்க" என்றாள்.