பகடையாகிய தொழிலாளி

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றில், போயா விடுமுறை நாளொன்றின் மாலையில், பல்கலைக்கழக மாணவர் நால்வர் ஒரு விளையாட்டுப் பலகையைச் சூழ அமர்ந்திருந்தனர். ‘யூஃபோரியா’ என்பது அதன் பெயர். ஜேமி ஸ்டெக்மையரும் அலன் ஸ்டோனும் ஆக்கிய இவ்வாட்டம் 2013இல் வெளிவந்தது. பேரழிவுக்குப் பிந்திய கொடுங்கோல் நகரமொன்றே அதன் அறிவியற்புனைவுக் களம். தொழிலாளரை வேலைத்தலங்களில் அமர்த்திப் பண்டங்கள் சேர்த்து, தமக்குரிய 10 அதிகார வில்லைகளையும் முதலில் வைத்து முடிப்பவரே வெற்றியாளர்.

இவ்வகை ஆட்டங்கள் பலவற்றில் தொழிலாளி வெறும் மரக்காய். இங்கோ அவன் பகடை. அதன் முகத்தெண் அவனது அறிவைக் குறிக்கும். பகடைகளை உருட்டும்போது, கையிலுள்ள தொழிலாளரின் அறிவெண்களும் பலகையிலுள்ள அறிவளவும் கூடி 16ஐ எட்டினால், அறிவு மிக்கவன் ஓடிவிடுகின்றான். எனவே, தன் ஆட்கள் அறியாமையில் இருப்பதையே ஆட்டக்காரர் விரும்பவேண்டியுள்ளது. சிறிய எண் விழுந்தபோதெல்லாம் அந்நால்வரும் மகிழ்ந்து ஆரவாரித்தனர்.

வீட்டுக்காரப் பெண்ணின் பகடையொன்றில் 6 விழுந்தது. தொழிலாளி ஒருவனை அவள் இழந்தாள். சாய்மனைக் கதிரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அவளது பாட்டனார் காரணத்தை வினவினார். அவள் விளக்கினாள்.

“அவன் தானாய் ஓடினவனோ பிள்ளை, இல்லாட்டி ஓட்டிப்போட்டு, ஓடினவன் எண்டு எழுதினவங்களோ?”

“புத்தகத்தில ஓடினவன் எண்டுதான் கிடக்கு, அப்பப்பா.”

அவர் அதன்பின் பேசவில்லை. 1980 யூலை வேலைநிறுத்தத்திற் பணியிழந்த பல்லாயிரவருள் அவரும் ஒருவர். அன்று வேலைநிறுத்தம் செய்தோர் தாமாகவே பதவியை விட்டு நீங்கியோராகக் கருதப்பட்டனர். அந்த இளம் லிகிதரின் வாழ்வு பின்னர் கடைக்கணக்குகளிற் கழிந்தது. இவையெல்லாம் பேத்தி முன்னரே கேட்டறிந்தவையே. ஆயினும் அன்றுதான் அவை அவளுக்கு விளங்கின.

இவ்வாட்டத்தின் குறை யாது? அறிந்த தொழிலாளி இதில் தனியனாகவே மறைகின்றான்; அவன் தோழரோடு பேசுவதில்லை. கொட்டாஞ்சேனைக்கு அணித்தாயுள்ள கொழும்புத் துறைமுகத்தில், 1927இல் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையில் தொழிலாளர் ஒருங்கே வேலையை நிறுத்தினர். அவர்கள் அறிந்தபின் ஓடவில்லை, கூடினர். அத்தகைய கூட்டத்துக்கு இப்பலகையில் இடமில்லை.

நிறைவும் அக்குறையின் அருகிலேயே உள்ளது. கொடுங்கோன்மையைப் பற்றிக் கதை கூறாது, அதனை ஆட்டக்காரரின் கையாலேயே செய்விக்கின்றது. ஆரவாரித்தவர் தம் ஆரவாரத்தின் பொருளைப் பின்னர் உணர்வாராயின், ஆட்டம் பயன்பட்டது எனலாம். அன்று மாலை ஒருத்தியேனும் உணர்ந்தாள். அடுத்த சுற்றில் மீண்டும் சிறிய எண் விழுந்தபோது, அவள் சிரிக்கவில்லை.