கேள்வி யாருக்குப் புரிய வேண்டும்?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. (கணிதம்)

மருத்துவர் வந்து பார்ப்பதற்கு முன்பே நோயாளியின் கையில் ஒரு வினாத்தாளைக் கொடுத்துவிடுவது அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலான வழக்கம். வலி எவ்வளவு, தூக்கம் எப்படி, மனம் சோர்கிறதா என்று அதில் கேள்விகள் இருக்கும். பல தாள்களில் விடைக்கு மதிப்பெண்ணும் உண்டு. கூட்டுத்தொகையைப் பார்த்தே மேற்கொண்டு யோசிப்பார்கள். அந்நாட்டில் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுவோர் 4 கோடிக்கும் மேல். அவர்களில் பலருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. ஆகவே வினாத்தாள்களை ஸ்பானிய மொழியில் பெயர்த்துக் கொடுக்கிறார்கள். பெயர்த்துவிட்டால் போதுமா?

நான் கணித மாணவன். இந்த விஷயத்தில் என்னை முதலில் ஈர்த்தது ஒரு சூத்திரம்தான். ஓர் ஆங்கிலப் பகுதி படிக்க எளிதா, கடினமா என்று அளப்பதற்கு 1948இல் ருடால்ஃப் ஃபிளெஷ் என்பவர் ஒரு வழி சொன்னார். வாக்கியம் நீண்டால் கடினம். சொல்லில் அசைகள் கூடினாலும் கடினம். இதை அப்படியே ஸ்பானிய மொழிக்குப் போட்டால் கணக்கு தவறிவிடும். தலைக்கு ஆங்கிலத்தில் 'ஹெட்', ஓர் அசை. ஸ்பானியத்தில் 'கபேசா', மூன்று அசை. இதயத்துக்கு அங்கே 'ஹார்ட்', ஒன்று; இங்கே 'கொராசோன்', மூன்று. ஆனால் இந்தச் சொற்கள் ஸ்பானியம் பேசும் சிறு குழந்தைக்கும் தெரியும்! அதனால் 1959இல் ஃபெர்னாண்டஸ் உவெர்த்தா என்பவர் எண்களை மாற்றி ஸ்பானியத்துக்கெனத் தனிச் சூத்திரம் அமைத்தார்.

எண்களை மாற்றினாலும் சூத்திரம் எண்ணுவது அசையையும் சொல்லையும்தான். பொருளை அது எண்ணுவதில்லை. பொருள் மாறினால் என்ன ஆகும்? 1980இல் ஃபுளோரிடாவில், கியூபாவிலிருந்து வந்த குடும்பத்து 18 வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். வீட்டார் 'இன்தொக்சிகாதோ' என்றார்கள். உண்டது, குடித்தது ஒத்துக்கொள்ளாமல் உடல் கெட்டவனைக் கியூபா வழக்கில் அப்படிச் சொல்வதுண்டு. மருத்துவர்களோ அதைப் போதை மருந்து மிஞ்சிவிட்டது என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையில் மூளையில் இரத்தக் கசிவு. அது தெரிய வருவதற்குள் காலம் கடந்துவிட்டது. கை கால் நான்கும் செயலற்றுப் போயின. நேருக்கு நேர் பேசியபோதே இந்தக் கதி என்றால், திருப்பிக் கேட்க முடியாத தாளைப் பற்றி என்ன சொல்வது?

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். எந்தப் படிவம் வந்தாலும் நிரப்புவது என் வேலை. 'ஆண்டு வருமானம் எவ்வளவு?' என்ற மூன்று சொற்களை என் அம்மா எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவார். ஆனால் வேலை கிடைத்த நாளுக்கு மட்டும் கூலி வாங்குகிறவரிடம் அந்தக் கேள்விக்கு விடை ஏது? எந்தச் சூத்திரத்திலும் அது எளிய வாக்கியம்தான்.

மனச்சோர்வை அறிய உலகெங்கும் பயன்படும் 'பி.எச்.க்யூ-9' என்ற தாள் 1999இல் வந்தது. ஒன்பது கேள்விகள்; ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை; மொத்தம் 27. அதன் எட்டாம் கேள்வி, பிறர் கவனிக்கும் அளவுக்கு அசைவும் பேச்சும் மெதுவாகிவிட்டனவா, அல்லது அதற்கு நேர்மாறாக இருப்புக்கொள்ளாமல் அலைகிறீர்களா என்று இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிறது. எழுத்து அதிகம் பழகாத ஒருவர் எதற்கென்று விடை குறிப்பார்? குறித்துவிட்டால் அது எண்ணாகிவிடும். எண்ணானபின் அதை யாரும் சந்தேகிப்பதில்லை.

ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய நினைவு. அங்கே குடியேறிய குடும்பங்களிலும் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளே பெற்றோருக்குப் படித்துச் சொல்வதுண்டு. எந்தத் தாய் தன் மகன் முகத்தைப் பார்த்து அதற்கு உண்மை விடை சொல்லுவாள்? அந்தத் தாளை அவளே, தனியாக, தன் மொழியில் படித்தறிய வேண்டும். படிக்க எளிதாக இருப்பது ஒரு வசதி மட்டுமல்ல நண்பர்களே, அது அவளுடைய மானமும் உயிரும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பெயர்த்ததை வேறொருவரைக் கொண்டு மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்து ஒப்பிடுகிறார்கள். அதைவிடச் சிறந்தது, மெக்சிகோ, கியூபா, போர்த்தோ ரிக்கோ என்று பல வழக்குப் பேசும் நோயாளிகளோடு உட்கார்ந்து, 'இந்தக் கேள்வியை உங்கள் சொல்லில் சொல்லுங்கள்' என்று கேட்டுப் பார்ப்பது. அதற்கு நேரமும் பொறுமையும் வேண்டும். சூத்திரத்துக்கு இரண்டும் வேண்டாம். அதனால்தான் பலர் சூத்திரத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

சூத்திரம் தாளை அளக்கும், படிப்பவரை அளக்காது. கேள்வி புரிந்ததா என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை, விடை எழுத வேண்டியவருக்கே உண்டு. நாளை நம்மில் பலர் அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் படிவம் தயாரிக்கும் நாற்காலியில் உட்காரப்போகிறோம். அச்சுக்குக் கொடுக்கும் முன் அதை நிரப்பப்போகிறவர் ஒருவரிடம் காட்டுவோம். அவர் நெற்றி சுருங்கினால், திருத்த வேண்டியது படிவத்தை.