சாரலும் குளமும்

குற்றாலத்துச் சாரலின் பெருமையைத் தமிழ்நாட்டில் அறியாதார் சிலரே. ஆனித் திங்களில் மலைமீது முகில் கவிந்ததும் அருவிகள் ஆர்ப்பரித்து வீழும். அந்நீர் சிற்றாறாக ஓடித் தென்காசியைக் கடந்து, அணைகளிலும் கால்வாய்களிலும் பிரிந்து குளங்களை அடைகிறது. வெளியூரார் அருவியின் அழகைக் காண்பர். எங்கள் வட்டாரத்து உழவரோ குளத்துக் கரையைப் பார்ப்பர். சாரல் ஓய்ந்த பின்னர்ப் பயிரைக் காப்பது குளமே என்பதை அவர் அறிவர்.

காற்பந்தாட்டத்தைப் பற்றி எண்ணும்பொழுதெல்லாம் இவ்வுண்மை என் நினைவிற்கு வருகிறது. காற்பந்துக் கழகங்களின் வருவாயில் இரண்டு வகை முதன்மையானவை. ஒன்று, அரங்கிற்கு வருவோர் தரும் நுழைவுக் கட்டணம். மற்றொன்று, ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பும் நிறுவனங்கள் தரும் பொருள். முன்னது குளத்து நீர், பின்னது சாரல்.

சாரலை யான் இகழ்ந்துரைக்கவில்லை. தென்காசியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. பொதிகை விரைவு வண்டியில் ஓர் இரவு பயணம் செய்தாலன்றி, நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி. ஆடுவதை எங்கள் ஊரார் காண இயலாது. நுழைவுச் சீட்டின் விலையோடு வழிச்செலவும் சேர்ந்தால் எளிய குடும்பம் தாங்குமா? அத்தகையோர்க்கு ஒளிபரப்பே அரங்கமாகும்.

ஆயினும், பெருகிவரும் பொருள் எளியோர்க்குப் பயன்படுகிறதா என்பதே வினா. இங்கிலாந்தில் 1992-ஆம் ஆண்டு பிரீமியர் லீக் தோன்றியபொழுது, ஐந்தாண்டு ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 30 கோடி பவுனுக்கும் மேல் என அறிவிக்கப்பட்டது. பின்னர் அது பன்மடங்கு வளர்ந்தது. ஆட்டக்காரர் ஊதியம் உயர்ந்தது. நுழைவுக் கட்டணமோ குறையவில்லை. 2016 பிப்ரவரியில், லிவர்பூல் கழகம் அடுத்த ஆண்டிற்கு ஒரு சீட்டின் உச்ச விலையை 77 பவுன் என அறிவித்தது. சண்டர்லாந்துடன் ஆடிய ஆட்டத்தின் 77-ஆம் நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியேறினர். சில நாள்களில் கழகம் அம்முடிவைக் கைவிட்டது. அதே ஆண்டில், வெளியூர் அணியின் அன்பர்க்கு 30 பவுனுக்கு மேல் கட்டணம் பெறுவதில்லை என்று எல்லாக் கழகங்களும் உடன்பட்டன.

சாரல் பொய்த்தால் நிகழ்வது யாது என்பதை நம் நாடும் கண்டது. அகில இந்தியக் காற்பந்துக் கூட்டமைப்பு 2010-இல் தன் வணிக உரிமைகளை 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபாய்க்கு ஒரு நிறுவனத்திடம் வழங்கியது. அவ்வுரிமையின்வழி 2014-இல் இந்தியன் சூப்பர் லீக் தோன்றியது. 2025-இல் ஒப்பந்தக் காலம் முடியவிருந்தபொழுது, புதிய உடன்பாடு ஏற்படவில்லை. வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில் தொடங்கும் போட்டி அவ்வாண்டு தொடங்கவில்லை. சில கழகங்கள் ஊதியத்தையே நிறுத்திவைத்தன. பின்னர் உரிமையை ஏலம்விட முயன்றபொழுது கேட்பார் ஒருவரும் வரவில்லை.

மழை வேண்டாம் என்று உழவன் கூறுவதில்லை. ஆனால் மழையை நம்பிக் குளத்தைத் தூர்ந்துபோக விடுவதுமில்லை. ஊர் கூடிக் கரையை உயர்த்துவதைக் குடிமராமத்து என்றனர் நம் முன்னோர். தொழிலாளி ஒருவன் தன் பிள்ளைகளுடன் வந்து அமரத்தக்க விலையில் சீட்டு வழங்குவதே கழகங்கள் செய்யத்தக்க குடிமராமத்து ஆகும். இன்று தந்தையின் தோள்மீதிருந்து ஆட்டம் காணும் சிறுவனே, நாளை எந்த ஒப்பந்தம் முறிந்தாலும் கழகத்தைக் கைவிடாதவன்.