கருவேப்பிலை தூங்குது, எழுப்பாதீங்க!

டொரோண்டோவுல கருவேப்பிலை வளர்க்கறவங்க எல்லாம் ஒரு தனி ரகம். மே மாசக் கடைசியில தொட்டியை வெளில வைப்போம், செப்டம்பர் கடைசியில உள்ள தூக்கிட்டு வருவோம். மீதி எட்டு மாசமும் அது முகத்தையே பார்த்துட்டு உட்கார்ந்திருப்போம்.

எங்க வீட்டுச் செடி, ஸ்கார்பரோவுல இருந்த ஒரு யாழ்ப்பாணத்து அக்கா கொடுத்தது. அவங்க அம்மா தொட்டியில வச்ச செடியோட வேர்ல இருந்து கிளம்பின கன்னு. அம்மா இப்ப இல்லை. அக்கா மகனோட கல்கரிக்குக் குடிபோனப்ப தாய்ச்செடியையும் வண்டியில ஏத்தினாங்க. ஜனவரிக் குளிர். ஒரே ராத்திரி, முடிஞ்சு போச்சு. இப்ப அந்த வம்சத்துல மிச்சம் எங்க ஜன்னலோரம் நிக்கறது மட்டும்தான். பொறுப்பு கொஞ்சம் ஜாஸ்தி!

டிசம்பர்ல இலை மஞ்சளாகி உதிர ஆரம்பிக்கும். ஜனவரியில வெறும் குச்சி. வீட்டுக்கு வர்றவங்க "அடடா, போயிடுச்சே"ன்னு துக்கம் விசாரிச்சுட்டு, பாவம்னு ஒரு சொம்பு தண்ணியும் ஊத்தப் பார்ப்பாங்க. ஆபத்தே அதுலதான்.

சென்னையில டிசம்பர் 21-லயும் பகல் 11 மணி நேரத்துக்கு மேல. இங்க அன்னிக்கு 9 மணி நேரம் கூட முழுசா இல்லை. வெளிச்சம் குறைஞ்சா செடி வளர்றதை நிறுத்திடும். இலையும் கொட்டிட்டா வேர் அவ்வளவா தண்ணி இழுக்காது. இழுக்காத தண்ணி மண்ணுல தேங்கி, காத்து கிடைக்காம வேர் அழுகிடும். ஆக, வீட்டுக்குள்ள வந்த செடியைப் பெரும்பாலும் கொல்றது குளிர் இல்லை, நம்ம பாசம்தான். அக்கா செடியைக் கொடுக்கறப்பவே சொன்னாங்க: "கனக்கத் தண்ணி விடாதேங்கோ தம்பி, அது நித்திரை கொள்ளுது."

அதனால எங்க வீட்டுச் சட்டம் இதுதான். ராத்திரி 10 டிகிரிக்குக் கீழ போறதுக்கு முன்னாடியே தொட்டி உள்ள வந்துடணும். தெற்கு ஜன்னல்ல இடம். ஹீட்டர் காத்து நேரா அடிக்கக் கூடாது. மண்ணுல விரலை ரெண்டு இஞ்ச் விட்டுப் பார்த்து, காய்ஞ்சிருந்தா மட்டும் தண்ணி. உரம்... மூச்! வறண்ட காத்துல சிவப்புச் சிலந்தியும் செதில் பூச்சியும் வரும். இலை இருக்கற வரைக்கும் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, ஷவர்ல நல்லா குளிப்பாட்டிடுவேன். உயிர் இருக்கான்னு சந்தேகமா? தண்டை நகத்தால லேசா சுரண்டுங்க. உள்ள பச்சை தெரிஞ்சா இருக்கு. பழுப்பா இருந்தா இன்னும் கீழ சுரண்டிப் பார்த்துட்டு அப்புறம் அழுங்க.

இதெல்லாம் நாம புதுசா கண்டுபிடிச்சதும் இல்லை. வெர்சாய் அரண்மனையில 14-ஆம் லூயி ராஜா ஆரஞ்சு மரங்களுக்குன்னே 1684-86ல ஒரு மண்டபம் கட்டினார். தடிச்ச சுவர், தெற்கு பார்த்த பெரிய பெரிய ஜன்னல். இன்னிக்கும் மரங்கள் அக்டோபர்ல பெட்டியோட உள்ள போகும், மே மாசம் வெளில வரும். ஆரஞ்சும் கருவேப்பிலையும் ஒரே தாவரக் குடும்பம், பங்காளிங்கன்னே வச்சுக்கலாம். அவருக்கு மண்டபம், நமக்கு டைனிங் டேபிள் பக்கத்து ஜன்னல். வேலை ஒண்ணுதான்.

மார்ச் பொறந்துட்டா கல்கரியில இருந்து போன் வந்துடும். "தம்பி, துளிர் விட்டிட்டுதோ?" சில வருஷம் ஏப்ரல் பாதி வரைக்கும் "இன்னும் இல்லைக்கா, ஆனா தண்டு பச்சையா இருக்கு"ன்னுதான் சொல்ல முடியும். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேக்கும். துளிர் வந்த அன்னிக்கு நானே கூப்பிட்டுடுவேன்.

போன கோடையில வேர்ல இருந்து ரெண்டு கன்னு கிளம்பியிருக்கு. ஒண்ணை வேரோட பிரிச்சுத் தனித் தொட்டியில வச்சாச்சு. அது அக்காவுக்கு. ஜூலையில நானே கொண்டுபோய்க் கொடுக்கறதா இருக்கேன்.