வங்கக் கடலில் ஒரு கணக்கப்பிள்ளை

தாராபுரத்துக்காரனுக்குக் கடலைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பீர்கள். எங்களுக்குத் தண்ணீர் என்றால் அமராவதிதான். அதுவும் அணையைத் திறந்துவிட்டால்! ஆனால் பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கே கணக்கு எழுதினாலும் எட்டிப் பார்த்தே ஆகவேண்டும்.

2013 நவம்பரில் வங்கக் கடலில் ஒரு கணக்கப்பிள்ளையை வேலைக்கு வைத்தார்கள். சம்பளம் கிடையாது, கேஷுவல் லீவு கிடையாது, நடுவில் டீ குடிக்க எழுந்து போவதும் கிடையாது. ஆள் இல்லை சார், மிதவை! அமெரிக்காவின் நோவா அமைப்பு, சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் நங்கூரம் போட்டு நிறுத்தியது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை கடல் நீரில் கரியமில வாயு எவ்வளவு, மேலே காற்றில் எவ்வளவு என்று தானே அளந்து கரைக்கு அனுப்பும் வேலை.

"கடலுக்குள்ள அது எப்படிக் கண்ணு போச்சு?" என்றார் பெரியப்பா.

"கோலி சோடாவுக்குள்ள போன மாதிரிதானுங்க."

சோடாவில் அடைத்து ஏற்றுகிறார்கள். கடலோ தானாகவே வாங்கிக்கொள்கிறது. மனிதர்கள் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு கடலுக்குத்தான் போகிறது. நான் பைக்கில் கோயமுத்தூர் போய் வர 3 லிட்டர் பெட்ரோல் என்றால், கிட்டத்தட்ட 7 கிலோ வாயு. அதில் ஒன்றே முக்கால் கிலோ கடல் தலையில்!

அளக்கும் விதம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. கொஞ்சம் காற்றைக் கடல் நீரோடு திரும்பத் திரும்பக் கலந்து, நீரில் உள்ள வாயுவும் காற்றில் உள்ளதும் சமமாகும் வரை சுற்ற விடுகிறது. பிறகு அந்தக் காற்றில் அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சுகிறது. கதிர் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவு வாயு. இதற்கும் முன்னால் தன்னையே ஒரு சோதனை. முதலில் வாயுவே இல்லாத காற்று, அப்புறம் அளவு தெரிந்த சிலிண்டர் காற்று. நம்ம சந்தையில் முதலில் வெறும் தட்டு, அப்புறம் முத்திரைக் கல் என்று தராசைச் சரிபார்ப்பது போல!

ஆனால் சிக்கல் இங்கேதான். உள்ளே போன கார்பன் வாயுவாகவே உட்கார்ந்திருப்பதில்லை. பெரும்பகுதி பைகார்பனேட், கொஞ்சம் கார்பனேட், வாயுவாக நிற்பது சொற்பம். மூன்று பேரேடு! மொத்தம் தெரிய, வாயு அழுத்தம், பி.எச்., காரத்தன்மை, மொத்தக் கார்பன் என்ற நாலில் ரெண்டை அளந்தால் மீதியைக் கணக்குப் போடலாம். அதிலும் வாயுவும் பி.எச்.சும் மட்டும் போதாது. ரெண்டும் சேர்ந்தே ஆடும். ஒரே வீட்டு இரண்டு சாட்சிகள் மாதிரி.

ஆகவே கப்பலில் போய் பாட்டிலில் நீர் பிடித்து வந்து தணிக்கை செய்யவும் வேண்டும். அந்தத் தணிக்கைக்கான முத்திரைக் கல், கலிஃபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் நிலையத்தில் ஆண்ட்ரூ டிக்சன் குழு தயாரித்த அளவு தெரிந்த கடல் நீர். உலகமே அந்த ஒரே கடையை நம்பியிருந்தது. 2020-ல் கொரோனா வந்து தயாரிப்பு தடுமாறியபோது கடல் கணக்கர்கள் கலங்கிப் போனார்கள்.

இத்தனை பாடு எதற்கு? தொழிற்புரட்சிக்குப் பிறகு கடலின் பி.எச். சுமார் 0.1 இறங்கியிருக்கிறது. 'பூ, இவ்வளவுதானா?' என்று சொல்லாதீர்கள். அமிலத்தன்மை கிட்டத்தட்ட 30 சதவீதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். தூத்துக்குடிச் சங்குக்கும் மன்னார் வளைகுடாப் பவளத்துக்கும் வீடு கட்டக் கார்பனேட்தான் செங்கல். அமிலம் கூடக் கூடச் செங்கல் குறைகிறது. எங்கே, எவ்வளவு வேகத்தில் என்று தெரிய, விடாமல் எழுதிய கணக்கு வேண்டும். ஒரு மாசம் விட்டுப்போனால், பிற்பாடு உட்கார்ந்து எழுதிச் சேர்க்க இது ஆபீஸ் லெட்ஜர் இல்லை.

மிதவைக்கு அடியில் மீன் கூடும். அதனால் படகுகள் அதில் கட்டப்பட்டு கருவிகள் கெட்டுப்போவது நம் கடலிலும் வழக்கம். கடலோரத்து அண்ணன்மார்களே, தயவுசெய்து கொஞ்சம் தள்ளி வலை போடுங்கள். எங்க ஊர் பெட்ரோல் பாக்கியும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது!